இடப்பக்கம் நடந்தவர்

நாற்பத்தாறாவது வயதில், கல்யாணம் நடக்க வேண்டும் என்பதற்காக, எனக்குக் குதிரை ஓட்டத் தெரியும் என்று பொய் சொன்னேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். "சின்ன வயசிலேர்ந்தே பழக்கம்" என்று அதற்கு ஒரு வாலும் வைத்தேன்.

அந்தப் பழக்கத்தின் முழு வரலாறு இவ்வளவுதான்: ஏழு வயதில் ஊட்டி ஏரிக்கரையில் அப்பா என்னை ஒரு மட்டக்குதிரை மேல் தூக்கி உட்கார்த்தி போட்டோ எடுத்தார். அந்தப் போட்டோவில் குதிரை கேமராவைப் பார்த்து நிற்கிறது. நான் வாயை முழுசாகத் திறந்து அழுதுகொண்டிருக்கிறேன். இரண்டு பேரில் யார் படித்தவர் என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம்.

மட்டாஞ்சேரியில் எனக்குக் கண்ணாடிக் கடை. வீடு பள்ளுருத்தியில். நான் கட்டிக்கொள்ள இருந்தவர் ஸ்கூலில் கணக்கு டீச்சர், இதே ஊரில் மூன்று தலைமுறையாக இருக்கிற குஜராத்திக் குடும்பம். அம்மாவின் கண்ணாடியை மாற்ற என் கடைக்கு வந்தார், திரும்ப வந்தார், பிறகும் வந்தார். கண்ணாடியில் மாற்றுவதற்கு ஒன்றுமே மிச்சமில்லை என்று ஆனபோது, கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று முடிவாயிற்று. நான் இன்றைக்கும் 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுகிறேன். மார்க் போடுகிற இடத்தில் இருப்பவர்.

டீச்சரின் அம்மா எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. தமிழனா, சரி. தலை நரைத்துவிட்டதா, சரி. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். மாப்பிள்ளை குதிரை மேல் வாசலுக்கு வர வேண்டும். மூத்த மாப்பிள்ளை காரில் வந்துவிட்டாராம். இந்தச் சின்னவளுக்காவது குதிரை வரவேண்டும் என்று, ஒரு பக்கம் தளர்ந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அப்போதுதான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோதே தெரிந்தது, இதிலிருந்து இனி இறங்க முடியாது என்று. அவர் வாயால் கேட்டது அது ஒன்று. நான் அந்த வீட்டில் கொடுத்த முதல் வாக்கும் அது ஒன்று.

"கல்யாணக் குதிரையை ஓட்ட வேண்டாமே, ஆள் பிடித்துக்கொண்டு போவான், நீ சும்மா உட்கார்ந்தால் போதும்" என்றார்கள் நண்பர்கள். சும்மா உட்காருவது எவ்வளவு பெரிய வேலை என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கு மாடிப்படியில் மூன்றாவது படி வந்தாலே கைப்பிடி வேண்டும்.

அப்படித்தான் ஒரு குதிரைக்காரரிடம் போய்ச் சேர்ந்தேன். கொச்சங்காடியில், முன்பு சுக்கு மூட்டை அடுக்கியிருந்த ஒரு பழைய கிடங்கின் பின்னால் லாயம். ஒரே ஒரு வெள்ளைக் குதிரை. சுற்றுவட்டாரத்தில் அவரைக் 'குதிரைச் சேட்டன்', குதிரை அண்ணன் என்பார்கள். பழனிப் பக்கத்து ஆள், மெலிந்த உடம்பு, கட்டம் போட்ட லுங்கி. என்னைவிடப் பத்து வயது இளையவர். நானும் சேட்டா என்றே கூப்பிட்டேன். குதிரை மேல் இருக்கும்போது கீழே நிற்கிற எல்லோரும் எனக்குச் சேட்டன்தான்.

"சேட்டா, குதிரை சாதுதானே? ஒண்ணும் பண்ணாதே?"

"இதுவரைக்கும் பண்ணலை சார்."

"இனிமே?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் விழுவேனா?"

என்னைக் கீழிருந்து மேலாக ஒரு தடவை பார்த்தார். "விழலாம்" என்றார்.

நான் போய்வந்த எல்லா இடத்திலும், பல் பிடுங்குகிற டாக்டரிலிருந்து படகில் கைகொடுத்து ஏற்றுகிறவர் வரை, என்னைப் பார்த்ததும் முதலில் சொல்வது 'பேடிக்கண்டா', பயப்படாதே என்பதுதான். அதைச் சொல்லாத முதல் மனிதர் இவர். திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். ஆனால் ஊரில் வேறு குதிரை இல்லை.

அவருடைய சுபாவம் பிடிபட எனக்குச் சில நாள் ஆயிற்று. கேட்டதற்கு உள்ளதை உள்ளபடி சொல்வார். கேட்காததற்கு வாயைத் திறக்க மாட்டார். இந்த இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஒருவர் தொழில் செய்ய முடியுமா என்றால், முடியாது. அவர் செய்துகொண்டிருந்தார்.

போர்ட் கொச்சியில் ஒரு ஓட்டல்காரர் தன் விருந்தினர்களை இவருடைய குதிரையில் சவாரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு நாள் ஒரு வெளிநாட்டு அம்மாள், இது அரண்மனைக் குதிரையின் வம்சமா என்று கேட்டிருக்கிறார். ஓட்டல்காரர் பின்னாலிருந்து கண்ணைக் காட்டியிருக்கிறார். இவர், "பழனியில ஜட்கா இழுத்துச்சு" என்றார். அதோடு அந்த ஓட்டல் போயிற்று. இன்னொரு தடவை ஒரு மாப்பிள்ளை, ஊர்வலம் கிளம்புகிற நேரத்தில், நான் எப்படி இருக்கேன் என்று ஆசையாகக் கேட்டாராம். "தலைப்பா பெரிசு. காது ரெண்டும் காணோம்." அந்த மாப்பிள்ளை வழி முழுக்கக் காதைத் தேடிக்கொண்டே போனார் என்று கேள்வி.

குதிரையின் பெயர் பவளம். வெள்ளைக் குதிரைக்கு ஏன் பவளம் என்றேன். "வாங்கறப்பவே அந்தப் பேருதான். நான் கூப்பிடறதில்லை" என்றார்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. தினமும் விடிந்ததும் விடியாததுமாக முதல் பஸ்ஸில் பள்ளுருத்தியிலிருந்து வந்துவிடுவேன். குதிரையின் முதுகு கீழே நின்று பார்த்தால் நம் நெஞ்சு உயரம். மேலே ஏறிப் பார்த்தால் இரண்டாவது மாடி. அதுவும் நடக்கிற மாடி. முதல் நாள் கடிவாளத்தைப் பிடித்தேன் என்று சொல்வதற்கில்லை. பிடரி மயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, அதன் கழுத்தோடு ரகசியம் பேசுகிறவன் மாதிரிக் குனிந்திருந்தேன்.

"பயமா இருக்கு சேட்டா."

"இருக்கட்டும் சார். பயந்துக்கிட்டே உக்காருங்க. முட்டியை மட்டும் இறுக்காதீங்க, அதுக்கு வலிக்கும்."

எனக்குப் பயம் போக வேண்டும் என்பதில் அவருக்குத் துளியும் அக்கறை இல்லை. குதிரைக்கு வலிக்கக் கூடாது, அவ்வளவுதான். விசித்திரம் என்னவென்றால், பயந்துகொள்ள அனுமதி கிடைத்ததும் முட்டி தானாகத் தளர்ந்தது. முதல் நாள் முக்கிலிருக்கும் சாயாக்கடை வரை, அறுபது காலடி. அவர் இடப்பக்கமாக, ஒரு கையைப் பவளத்தின் தாடையில் வைத்தபடி நடந்து வந்தார். அந்த அறுபது காலடியை நான் டீச்சரிடம் வர்ணித்தபோது, "விழறதா இருந்தா இடது கைப்பக்கம் விழுங்க. வலது கை கடைக்கு வேணும்" என்றார். அந்த வீட்டில் உண்மை தெரிந்த ஒரே ஆள் டீச்சர்தான்.

மூன்றாம் நாள் பஜார் ரோடு. லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த சுமட்டுக்காரர்கள் என்னைப் பார்த்ததும் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"கண்ணாடி சாரே, எந்த நாட்டு மேல படையெடுப்பு?"

"கல்வத்தி வரைக்கும்தான்" என்றேன், பிடரியை விடாமல்.

"ராஜாவு கண்ணைத் திறந்து போகட்டும். வழியில பிரஜைகள் உண்டு."

ஐந்தாம் நாள் ஒரு லாரி காதுகிட்டே வந்து ஹார்ன் அடித்தது. நான் போட்ட சத்தத்தில் சாயாக்கடையில் ஒருவர் கிளாஸைக் கீழே வைத்தார். பவளம் ஒரு காதைக்கூட அசைக்கவில்லை. அதே எட்டு, அதே நடை. "என்ன ஒரு நிதானம்! மனுஷனுக்கு வராது சேட்டா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொன்னது கேள்வியில்லையே, பாராட்டுதானே. பாராட்டுக்கு அவரிடம் பதில் கிடையாது.

அந்த நிதானம்தான் எனக்குள்ளும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பவளமே பயப்படவில்லை, நான் எதற்குப் பயப்பட வேண்டும் என்று ஒரு கணக்கு. ஏழாம் நாள் பிடரியை விட்டேன். எட்டாம் நாள் கல்வத்தி தாண்டி போர்ட் கொச்சியில் கடல் தெரிகிற இடம் வரைக்கும் போய், வலை இழுக்கிறவர்களைக் குதிரை மேலிருந்து பார்த்தேன். அன்று கடையில் வாடிக்கையாளர் ஒருவரிடம், முதுகை நிமிர்த்தி உட்காரும்படி அறிவுரை சொன்னேன். அவர் படிக்கிற கண்ணாடி வாங்க வந்தவர்.

ஒன்பதாம் நாள் வினை வந்தது. பவளத்துக்கு ஒரு பழக்கம். கல்யாண மண்டப வாசல் கண்ணில் பட்டால் நின்றுவிடும். யாராவது வெல்லம் கொடுத்தால்தான் அடுத்த அடி. இத்தனை வருஷம் மாப்பிள்ளைகளைச் சுமந்து கற்றுக்கொண்ட தொழில் முறை அது. அதற்காகவே அவர் சட்டைப் பையில் வெல்லம் வைத்திருப்பார். அன்று குஜராத்தி ரோட்டில், எனக்குக் கல்யாணம் நடக்கப்போகிற அதே மண்டபத்து வாசலில் நின்றது. பையில் வெல்லம் தீர்ந்திருந்தது. அவர் இழுத்தார், தட்டினார். நான் கெஞ்சினேன். அசையவில்லை. எதிரே பால் பாக்கெட்டோடு டீச்சரின் அண்ணன் வந்துகொண்டிருந்தார்.

கிட்டே வந்து என்னைப் பார்த்தார். பவளத்தைப் பார்த்தார். பயத்தில் மறுபடியும் பிடரிக்குப் போய்விட்ட என் கைகளைப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்காமல் அவரிடம் கேட்டார்: "இவரு எத்தனை காலமா ஓட்டறாரு?"

"இன்னிக்கு ஒம்பதாம் நாள்" என்றார் இவர்.

நான் மேலிருந்து சிரித்தேன். குதிரை மேலிருந்து அசடு வழிந்தால் அது நிறைய தூரம் வழிகிறது. அண்ணன் பால் பாக்கெட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

"ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருக்கக் கூடாதா சேட்டா? என் கல்யாணமே இதுல நிக்குது."

"எதை மாத்தி?"

"ஒம்பது வருஷம்னு சொல்லியிருக்கலாமே."

கொஞ்சம் யோசித்தார். "ஒம்பது வருஷம் முன்ன பவளமே எங்கிட்ட இல்லியே சார்."

மத்தியானம் அண்ணன் கடைக்கு வந்தார். கண் பரிசோதிக்கிற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார், என்னை ஏதோ பரிசோதிப்பது போல. "அம்மைகிட்ட சொல்லலை. சொல்லவும் மாட்டேன். அவங்க தினம் போறவர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லி வச்சாச்சு, நம்ம மாப்பிள்ளை சவாரிக்காரன்னு" என்றார். எழுந்து கதவுவரைக்கும் போய்த் திரும்பினார். "அளியா, விழாதே."

மைத்துனன் முறையில் என்னை அவர் அளியா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அது பாசமா எச்சரிக்கையா என்று இன்றுவரை விளங்கவில்லை.

அதன் பிறகு நான் உயிரைக் கொடுத்துப் பழகினேன். முதலில் ஏறுவதற்கு ஒரு பழைய இஞ்சிப் பெட்டி மேல் நிற்க வேண்டியிருந்தது போய், அங்கவடியில் கால் வைத்தே ஏறினேன். இறங்குவது மட்டும் மூட்டை இறங்குகிற மாதிரி இருந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள், காலைச் சவாரி முடிந்து கொச்சங்காடிக்குத் திரும்புகையில், ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தெம்பில் சும்மா பேச்சுக்குக் கேட்டேன்.

"எப்பவும் இடது பக்கமாவே நடக்கறீங்களே சேட்டா, அதுதான் முறையா?"

"முறை எல்லாம் இல்லை சார். அதுக்கு இடது கண்ணு தெரியாது."

இறங்கினேன். எப்படி இறங்கினேன் என்று தெரியாது. முன்னால் போய் நின்று பார்த்தேன். முற்றிய புரை. பால் ஊற்றின மாதிரி. தெருவில் போகிறவர் படியில் கால் வைக்கிற விதத்தை வைத்தே அவருக்கு என்ன பவர் என்று சொல்லுவேன் என்று பெருமை அடித்துக்கொள்கிறவன் நான். மூன்று வாரமாக அந்தக் கண்ணுக்கு இரண்டடி பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன்.

"ஏன் சொல்லலை?"

"இன்னிக்குத்தானே கேட்டீங்க."

"இடது பக்கமா ஏதாவது திடீர்னு வந்தா?"

"நான் இருக்கேனே அங்க."

"நீங்க இல்லைன்னா?"

"மிரளும்."

என் மூன்று வார தைரியம் மொத்தமும் அந்த ஒரு சொல்லில் கீழே கொட்டியது. அன்று கடையில் உட்கார்ந்து ஒரு கார்க்காரரின் நம்பரை இரண்டு தடவை போனில் எடுத்தேன். இரண்டு தடவையும் அழுத்தவில்லை. அந்த அம்மா யார் யாரிடமெல்லாம் சொல்லி வைத்திருப்பார் என்று நினைத்துப் பார்த்ததுதான் காரணம். அது தைரியம் அல்ல.

மறுநாள் நாலு மணிக்கு ஊர்வலம். பவளத்துக்குச் சிவப்புப் போர்வை, ஜரிகை. எனக்குத் தலைப்பாகை. காது தெரிகிறதா என்று அவரிடம் கேட்டேன். "தெரியுது" என்றார். அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது. பத்தடி போயிருப்போம், போட்டோக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சேட்டா, லுங்கியோட ஃப்ரேமுக்குள்ள வராதீங்க. பின்னாடி மாறி வாங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். 'கூடாது, அவர் அங்கேதான் வர வேண்டும்' என்று நான் சொல்லியிருக்கலாம். சுற்றிலும் டீச்சர் வீட்டு ஆட்கள். மாப்பிள்ளை சவாரிக்காரன் என்று மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள். வாயை மூடிக்கொண்டேன். அவரை யாரும் எதுவும் கேட்காததால் அவரும் ஒன்றும் சொல்லவில்லை. கயிற்றை வலப்பக்கம் நின்ற அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, கூட்டத்துக்குப் பின்னால் போய்விட்டார். பவளத்தின் இடப்பக்கம் காலியானது.

மேளக்காரர் ஒருவர் ஆடிக்கொண்டே இடப்பக்கமாக முன்னேறி வந்தார். மூக்குக்கு நேரே அவர் முளைத்ததும் பவளம் தலையை வெட்டி உதறி, முன்னங்கால் இரண்டையும் தூக்கிப் பக்கவாட்டில் வைத்தது. நான் சேணத்தில் ஒரு சாண் நகர்ந்தேன். குதிரை ஆடுகிறது என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. அண்ணன் முகம் மட்டும் வெளுத்தது.

நான் குனிந்து, இடது கையை அதன் கழுத்தின் இடப்பக்கம் நீட்டி, கண்ணுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். பேச ஆரம்பித்தேன். "பவளம், ஒண்ணும் இல்லை. மேளம் அடிக்கிற ஆள்தான். இப்போ ஒரு ஆட்டோ நிக்குது, அது வராது. இப்போ ரெண்டு அம்மாமார், கையில தட்டு. இப்போ ஒரு குடை, பேடிக்கண்டா, குடைதான்." குஜராத்தி ரோட்டின் இடப்பக்கம் என்னவெல்லாம் இருக்கிறதோ அத்தனையும் சொன்னேன். கடைப் பெயர்ப்பலகைகளைக்கூட வாசித்துக் காட்டினேன். என் கைக்குக் கீழே கழுத்து தளர்வது தெரிந்தது. என் தொழிலில் நாலு காலோடு வந்த ஒரே வாடிக்கையாளர். வாசல் வந்து நின்ற பிறகுதான் ஞாபகம் வந்தது, வழியில் எங்கேயோ பயப்படுவதை மறந்துவிட்டேன் என்று.

மூட்டை மாதிரிதான் இறங்கினேன். ஆனால் நின்றேன். நாற்காலியில் அம்மா காத்திருந்தார். அவர்கள் வழக்கப்படி மாமியார் மாப்பிள்ளையின் மூக்கைப் பிடித்து இழுக்க வேண்டும். குனிந்தேன். பிடித்தார். பிடித்ததை விடாமல், வெல்லம் கொடுப்பதற்காகப் பவளத்தின் பக்கத்தில் வந்து நின்ற அவரிடம் உரக்கக் கேட்டார்: "குதிரைக்காரா, எங்க மாப்பிள்ளை எப்படி ஓட்டினாரு?"

மேளம் நின்றிருந்தது. அண்ணன் தரையைப் பார்த்தார். என் மூக்கு அம்மாவின் கையில், என் மானம் இவர் வாயில். அவர் யோசித்தார். நான் அறிந்தவரை அவர் அவ்வளவு நேரம் யோசித்ததில்லை.

"விழலை அம்மா."

அம்மா சிரித்த சிரிப்பில் என் மூக்குக்கு விடுதலை கிடைத்தது. "என்னைக் கட்டின ஆள் விழுந்தாரு" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "இந்த ரோட்டிலதான். தலைப்பா ஓடைக்குள்ள போச்சு. அதைச் சொல்லிச் சொல்லியே என்னை இந்தத் தெருவில எத்தனை காலம் கேலி பண்ணினாங்க. இன்னிக்கு ஒருத்தன் விழாம வந்தான்."

அடுத்த கல்யாண சீசன் முடிந்ததும் அவர் பவளத்தை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு பழனிக்கே போய்விட்டார். அதற்கு வயதாகிவிட்டது, இனி நிழலில் நிற்கட்டும் என்றாராம். லாயம் இருந்த இடத்தில் இப்போது ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. அவர் பெயர் என்ன என்று டீச்சர் எப்போதாவது கேட்பார். அவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை, ஒரு பொட்டலம் வெல்லத்தோடு நானும் டீச்சரும் கொச்சங்காடிக்குப் போனோம். நேற்று நான் எப்படி என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் சொல்லிவிடுவார் என்பதால் அடக்கிக்கொண்டேன். ஆனால் அன்று, நான் அறிய முதல் தடவையாக, யாரும் கேட்காமல் அவராகவே பேசினார்.

"நேத்து பின்னாடியிருந்து பாத்தேன் சார். அது கழுத்துல கைய வச்சுக்கிட்டு வழி பூரா என்னமோ பேசிக்கிட்டே போனீங்க."

"ஆமாம் சேட்டா" என்றேன், டீச்சருக்குக் கேட்கும்படி கொஞ்சம் உரக்கவே. "தைரியம் சொல்லிக்கிட்டே வந்தேன்."

அவர் பவளத்தின் வாயில் வெல்லத்தை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"அதுக்குக் காது கேக்காது சார். யாருக்குச் சொன்னீங்க?"